ஓட்டத்தை முடுக்கும் ஓரங்கள்

எண்ணூர் காமராஜர் துறைமுக வளாகத்தில், 2019 மார்ச்சில் திறக்கப்பட்ட திரவ இயற்கை எரிவாயு முனையம் இருக்கிறது. அங்கே இரண்டு பெருந்தொட்டிகள். ஒவ்வொன்றும் 1,80,000 கனமீட்டர் கொள்ளும். உள்ளே மைனஸ் 162 டிகிரி செல்சியஸில், கொதிநிலையை ஒட்டியே நிற்கும் திரவம். அதில் பெரும்பங்கு மீத்தேன். வெளியே மே மாதத்து எண்ணூர் வெயில். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 200 டிகிரி வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தாங்கி நிற்பவை கான்கிரீட் வெளிச்சுவர், நிக்கல் கலந்த எஃகு உட்சுவர், இரண்டுக்கும் இடையே கொட்டி நிரப்பிய பெர்லைட் என்னும் காப்புத் துகள்.

தொட்டிக்குள் கலக்கும் விசிறி எதுவும் கிடையாது. வெளியே அனுப்பும் பம்புகள் நின்றிருக்கும் நேரத்திலும் திரவம் சும்மா இருப்பதில்லை. சுவர் வழியே கசியும் சூட்டை வாங்கிய திரவம் லேசாகி, சுவரை ஒட்டி மெல்லிய படலமாக மேலே ஏறுகிறது. மேற்பரப்பை அடைந்ததும் அதில் ஒரு சிறு பங்கு ஆவியாகிறது. மீதி குளிர்ந்து, கனத்து, நடுப்பகுதி வழியாக மெதுவாகக் கீழே இறங்குகிறது. இரவும் பகலும் இந்தச் சுழற்சி ஓயாது. பள்ளிப் பாடத்தில் படித்த வெப்பச்சலனம்தான் இது. வெளியிலிருந்து யாரும் தள்ளாமல் தானாக நடப்பதால் இயற்கை வெப்பச்சலனம் என்கிறார்கள்.

இதைக் கணினியில் போட்டுப் பார்க்க விரும்பும் பொறியாளர், தொட்டியின் உட்புறத்தை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சமன்பாடுகள்: பொருள் அழியாது, உந்தம் அழியாது, ஆற்றல் அழியாது. ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைக் கேட்டுத் தன் வெப்பநிலையையும் வேகத்தையும் கண்டுகொள்ளும். ஆனால் ஓரத்துக் கட்டத்துக்கு ஒரு பக்கம் அண்டை வீடு இல்லை. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை மனிதர்தான் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தருவதன் பெயர் எல்லை நிபந்தனை.

பம்பு தள்ளும் குழாயில் எல்லையைச் சற்றுத் தவறாக எழுதினாலும் ஓட்டம் பெரிதாக மாறாது. வேகத்தைப் பம்பு தீர்மானித்துவிடுகிறது. இயற்கை வெப்பச்சலனத்தில் அந்தச் சலுகை இல்லை. இங்கே ஓட்டத்தைக் கிளப்பும் ஒரே விசை, ஓரத்தில் ஏறும் அல்லது இறங்கும் வெப்பத்திலிருந்து பிறக்கிறது. ஓரத்தைத் தப்பாகச் சொன்னால் எஞ்சினையே தப்பாகச் சொன்னதாகும். மென்பொருளில் இது கடைசியாகத் திறக்கும் ஒரு சிறு பெட்டி என்பதால், பலர் அவசரத்தில் ஏதோ ஒரு வெப்பநிலையை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். முழு உழைப்பும் வீணாகும் இடம் அந்தப் பெட்டிதான்.

ஓரத்துக்கு எவ்வளவு பலம் என்பதை இத்துறையின் தொடக்க வரலாறே காட்டும். 1900-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஹென்ரி பெனார், உலோகத் தட்டின்மேல் மிக மெல்லிய திரவப் படலத்தைப் பரப்பி அடியில் சூடேற்றினார். படலம் அறுகோண அறைகளாகப் பிரிந்து சுழன்றது. 1916-இல் ராலே பிரபு அதற்குக் கணிதம் எழுதினார். மிதப்புவிசை, பாகுத்தன்மையையும் வெப்பப் பரவலையும் மீறும்போது திரவம் சுழலத் தொடங்கும். அந்தப் போட்டியை அளக்கும் எண்தான் இன்று ராலே எண் எனப்படுகிறது. கணக்கு எளிதாக வரவேண்டும் என்று மேலும் கீழும் வழுக்கும் பரப்புகளாக அவர் வைத்துக்கொண்டார். அதற்கு விடை சுமார் 657. அடியில் ஒட்டும் தட்டு, மேலே வழுக்கும் பரப்பு என்றால் 1101. இரண்டும் ஒட்டும் தட்டுகள் என்றால் 1708. அந்த இரண்டு தட்டுகளிலும் வெப்பநிலையை நிலைநிறுத்தாமல், புகும் வெப்பத்தின் அளவை மட்டும் நிலைநிறுத்தினால் 720.

சமன்பாடு ஒன்றுதான். திரவமும் அதுவே. மாறியது ஓரம் மட்டும். விடை 657-இலிருந்து 1708 வரை தாவுகிறது.

இன்னொரு திருப்பமும் இந்தக் கதையில் உண்டு. பெனார் கண்ட அறுகோணங்களுக்கு மிதப்புவிசை முதன்மைக் காரணமே இல்லை என்று 1950-களில் தெரியவந்தது. அவருடைய படலத்தின் மேற்பரப்பு காற்றுக்குத் திறந்திருந்தது. வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் பரப்பு இழுவிசை, அந்தத் திறந்த மேற்பரப்பை இழுத்துச் சுழற்றியிருக்கிறது. ராலேயின் கணிதத்தில் குறையில்லை. பெனாரின் மேல் எல்லையில் நடந்தது ராலேயின் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

வெப்பத்துக்கான எல்லை நிபந்தனைகளில் மூன்று வகை முக்கியம். வடசென்னையில் மூன்றையும் கண்ணால் பார்க்கலாம்.

முதல் வகை, ஓரத்தின் வெப்பநிலை இவ்வளவு என்று நிலைநிறுத்துவது. மென்பொருளில் எழுத இதுவே எளிது. இயற்கையில் கிடைப்பது அரிது. எவ்வளவு சூடு வாங்கினாலும் வெப்பநிலை மாறாத சுவர் எங்கே இருக்கிறது? ராயபுரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறது. நல்ல தண்ணீரில் உறைந்த ஐஸ், உருகி முடியும்வரை பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும்; வாங்கும் சூடெல்லாம் உருகுவதற்கே செலவாகும். உப்பு கலந்துவிட்டால் அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், நிலைத்தும் நிற்காது. அந்த ஐஸ், பெட்டியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் நிபந்தனையின் ஒரு பகுதி. மேலே இருந்தால் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி, பெட்டி முழுக்கச் சுழலும். அடியில் மட்டும் இருந்தால் குளிர் அங்கேயே தேங்கிவிடும், மேல் அடுக்கு மீன் சூடாகவே கிடக்கும்.

இரண்டாவது வகை, ஓரத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் இத்தனை வாட் வெப்பம் பாய்கிறது என்று நிலைநிறுத்துவது. துணைமின் நிலையத்து டிரான்ஸ்பார்மர் இதற்கு நல்ல உதாரணம். சுருள்களில் எத்தனை வாட் வீணாகிறது என்பது சோதனையில் அளந்து தெரிந்த எண். அந்தச் சூட்டை வாங்கிய எண்ணெய், பம்பு இல்லாமலே மேலேறி, பக்கவாட்டு ரேடியேட்டர் தகடுகளில் குளிர்ந்து, அடிவழியாகத் திரும்புகிறது. சுருளின் எந்தப் புள்ளி மிகச் சூடாகிறது என்பதுதான் கேள்வி. காகிதக் காப்பு அங்கேதான் முதலில் நைந்துபோகும். சாதாரணக் காகிதத்துக்கு அந்தப் புள்ளியில் 98 டிகிரி என்பது பன்னாட்டுத் தரநிலை வைத்த அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காகிதம் மூப்படையும் வேகம் இரட்டிக்கும். இப்படிப்பட்ட கணக்கில் சுருளுக்கு முன்கூட்டியே ஒரு வெப்பநிலையை எழுதிவிட்டால், கண்டுபிடிக்க வேண்டிய விடையைக் கேள்வியிலேயே எழுதியதாகிவிடும். ரேடியேட்டரின் வெளிப்பக்கக் காற்றும் ஓர் எல்லைதான். பன்னாட்டுத் தரநிலை ஆண்டுச் சராசரி 20 டிகிரி, உச்சம் 40 டிகிரி என்று வைத்திருக்க, விநியோக டிரான்ஸ்பார்மர்களுக்கான இந்தியத் தரநிலை 32, 50 என்று வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களைக் கவனிக்காமல் வெளிநாட்டு வடிவமைப்பை அப்படியே இறக்கினால் இங்கே இயந்திரத்தின் ஆயுள் குறையும்.

மூன்றாவது வகை கலப்பு. ஓரத்தின் வெப்பநிலையும் தெரியாது, பாயும் வெப்பமும் தெரியாது. வெளியே வெயிலும் காற்றும் எப்படி என்பது மட்டும் தெரியும். வெளியிலிருந்து வாங்கும் சூட்டுக்கும் உள்ளே கொடுக்கும் சூட்டுக்கும் சமநிலை எங்கே வருகிறதோ, அதுதான் ஓரத்தின் வெப்பநிலை. திருவொற்றியூரில் ஒரு ஷீட் வீட்டுக்கூரை இப்படித்தான் நடந்துகொள்கிறது.

இந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம். அதன்கீழ் வாழும் குடும்பத்தின் உடம்பைச் சுடுவது இதுதான். தவறான எல்லை நிபந்தனை ஆபத்தான ஆறுதலைத் தருவதும் இங்கேதான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கனம் 6 மில்லிமீட்டர். நண்பகலில் அதன்மேல் சதுர மீட்டருக்கு 900 வாட், 1000 வாட் வெயில் விழுகிறது. ஷீட்டின் உள்பரப்பு 60 டிகிரி, தரை 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் ஒருவர் கூரைக்கு 60 என்று எழுதி, காற்றின் ஓட்டத்தை மட்டும் கணக்கிடுகிறார். சூடான கூரை மேலே இருக்கிறது. அதை ஒட்டிய காற்று சூடாகி, லேசாகி, மேலேயே நிற்கும். கீழே இறங்க அதற்குக் காரணமே இல்லை. ஆகவே கூரைக்கடியில் சூடான ஓர் அடுக்கு, தரைக்குப் பக்கத்தில் ஓரளவு குளிர்ந்த காற்று என்று கணினி படம் போடும். காற்று வழியாகக் கீழே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 20, 30 வாட்டுக்குள் அடங்கும். படத்தைப் பார்த்தால் பாயில் படுத்திருப்பவருக்குத் தொந்தரவே இல்லை என்று தோன்றும்.

அந்த வீட்டில் ஒரு மதியம் இருந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். தலைக்கு மேலே அடுப்பு வைத்த மாதிரி இருக்கும். 60 டிகிரி ஷீட்டிலிருந்து 35 டிகிரி தரைக்கும் உடம்புக்கும் கதிர்வீச்சாக இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 வாட். காற்றுவழி வருவதைப்போல ஐந்தாறு மடங்கு! கதிர்வீச்சு காற்றைத் தொடாமல் நேரே தரையைச் சுடுகிறது. சூடேறிய தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே கிளம்புகிறது. சுழற்சி கீழிருந்து தொடங்குகிறது. கதிர்வீச்சை எல்லையில் சேர்த்த கணக்கும் சேர்க்காத கணக்கும் இரண்டு வேறு அறைகளைக் காட்டும். அறை வெப்பநிலையில் இயற்கை வெப்பச்சலனத்தைப் படிக்கிற யாரும் கதிர்வீச்சை ஒதுக்கக் கூடாது. காற்றின் ஓட்டம் அவ்வளவு பலவீனமானது. கதிர்வீச்சு பெரும்பாலும் அதற்குச் சமமாகவோ மிஞ்சியோ நிற்கும்.

இரவில் இதே கூரை தலைகீழாகிறது. சூரியன் போனபின் ஷீட் வானத்தை நோக்கிக் கதிர்வீசிக் குளிர்கிறது. உள்ளே தரையும் சுவரும் பகல் சூட்டை வைத்திருக்கின்றன. இப்போது குளிர்ந்த கூரை மேலே, சூடான தரை கீழே; ராலே எழுதிய அதே அமைப்பு. 3 மீட்டர் உயர அறையில் 10 டிகிரி வித்தியாசத்துக்கு ராலே எண் சுமார் 2,000 கோடி. சுழற்சி தொடங்க 1708 போதும் என்றால், இது முழுக் கொந்தளிப்பு. கடலோரத்து ஈரக் காற்று வானத்தின் குளிர்ச்சியைப் பெரும்பாலும் மறைத்துவிடுவதால், உள்நாட்டு ஊர்களில் கிடைக்கும் இரவுக் குளிர்ச்சி இங்கே கிடைப்பதில்லை. ஆகவே வானத்தின் வெப்பநிலை என்று மென்பொருள் கேட்கும் இடத்தில், வறண்ட ஊருக்கான எண்ணைப் போட்டால் திருவொற்றியூர் வீடு கணினியில் மட்டும் குளிரும்.

ஆக, ஒரே ஓரம் பகலில் ஒரு வேலையும் இரவில் அதற்கு நேரெதிர் வேலையும் செய்கிறது. நேரத்தோடு மாறும் நிபந்தனை இல்லாமல் இந்த அறையைக் கணக்கிடவே முடியாது. ஷீட் வழியாக வெப்பம் ஊடுருவ இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். மேகம் ஒன்று கடந்தாலே உள்ளே தெரியும்.

வெப்பத்துக்கு அடுத்துத் தொல்லை தருவது கதவு. சுவர் என்றால் திரவம் அதில் ஒட்டி நிற்கும், வேகம் பூஜ்யம் என்று எழுதிவிடலாம். திறந்த கதவில் என்ன எழுதுவது? காற்று எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதே விடை. அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அழுத்தத்தை எழுதலாம் என்று பலர் கதவுப் பரப்பு முழுவதும் பூஜ்யம் என்று போடுகிறார்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. 3 மீட்டர் உயரக் காற்றின் எடையால் மேலுக்கும் கீழுக்கும் அழுத்தம் சுமார் 34 பாஸ்கல் வேறுபடும். உள்ளே வெளியைவிட 5 டிகிரி சூடு என்றால், அதனால் வரும் உந்துவிசை அரை பாஸ்கலுக்குச் சற்று மேல் மட்டுமே. நிஜமான விசையைப்போல 60 மடங்கு பெரிய எண்ணை ஓரத்தில் மறந்துவிட்டால், கணினி அந்த 34 பாஸ்கலையும் காற்றாக மாற்றும். நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் வேகத்தில் அறைக்குள் ஒரு போலிப் புயல் வீசும். உண்மையில் தடைகளே இல்லாவிட்டாலும் அங்கே 1 மீட்டரைத் தாண்டாது.

வழி இருக்கிறது. வெளிக்காற்றின் எடையால் வரும் அழுத்தத்தை முதலிலேயே கழித்துவிட்டு, அதிலிருந்து விலகும் அளவை மட்டும் கணக்கிட வேண்டும். அப்படிக் கழிக்கும்போது எந்த வெப்பநிலைக் காற்றை அடிப்படையாக வைக்கிறோம் என்பதும் முக்கியம். வெளியே 35 டிகிரி இருக்க, மென்பொருள் தானாக வைத்திருக்கும் 27 டிகிரியை விட்டுவைத்தால், 8 டிகிரிக்குரிய பொய்யான மிதப்புவிசை ஒன்று கணக்கில் ஒளிந்துகொள்ளும். 5 டிகிரிக்கான ஓட்டத்தைத் தேடுகிற இடத்தில் 8 டிகிரிப் பிழை.

இதைவிட நல்ல யோசனை, கதவோடு கணக்கை நிறுத்தாமல் வெளியே கொஞ்சம் தெருவையும் சேர்த்துக்கொள்வது. கதவின் மேல்பாதியில் சூடான காற்று வெளியேறும்; கீழ்ப்பாதியில் வெளிக்காற்று நுழையும். இரண்டும் ஒரே பரப்பில் நடக்கும்போது, நுழையும் காற்றின் வெப்பநிலையை யாராவது சொல்ல வேண்டும். குறுகலான சந்தில் எதிர்வீட்டுச் சுவரும் சூடாக இருக்கும். வெளியே போன காற்றே திரும்பி வரலாம். எல்லையைத் தள்ளி வைத்தால் இந்தச் சிக்கலைக் கணினியே தீர்த்துக்கொள்ளும். கட்டங்களின் எண்ணிக்கை கூடும், கணக்கிடும் நேரமும் கூடும். கொடுக்க வேண்டிய விலைதான் அது.

நேரத்தை மிச்சப்படுத்த அறையைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகத்தை ஆடி போல எழுதுகிறவர்கள் உண்டு. சூடான காற்றுத்தூண் நேராக நிற்காது. இப்படியும் அப்படியும் அசையும். ஆடி வைத்த இடத்தை அது தாண்டவே முடியாது. அந்த அசைவுதான் முக்கியம் என்கிற கணக்கில் அதைத் தடைசெய்துவிட்டுப் பெறும் விடையை நம்பிப் பயனில்லை.

கதவின் பிரச்சினை எண்ணூர் கழிமுகத்தில் ஆற்றளவு பெரிதாகிறது. அனல்மின் நிலையத்திலிருந்து வரும் சூடான குளிர்விப்பு நீர் கழிமுகத்தை அடைவது பற்றி மீனவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். சூடான நீர் லேசானது, மேலே பரவும். எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைக் கணக்கிட, மாதிரியின் ஓரத்தைக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலோ அதற்கு வெளியே கடலிலோ வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டுமுறை ஏற்றம், இரண்டுமுறை இறக்கம். இப்போது வெளியேறும் வாய், ஆறு மணி நேரம் கழித்து நுழையும் வாய். திரும்பி நுழையும் நீர் சுத்தமான கடல்நீரா, காலையில் வெளியே போன சூடான நீரேதானா? முகத்துவாரத்திலேயே எல்லையை வைத்து, வரும் நீருக்குக் கடலின் வெப்பநிலையை எழுதினால், ஒவ்வொரு ஏற்றத்திலும் கழிமுகம் கணினியில் கழுவப்படும். காகிதத்தில் பாதிப்பு குறையும், மீனுக்குக் குறையாது.

1999 ஜூனுக்குப் பின் வந்த, கடல்நீரைப் பயன்படுத்தும் அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் நீரால், அதை ஏற்கும் நீர்நிலை தன் இயல்பு வெப்பநிலையைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பது நாட்டின் விதி. எது இயல்பு வெப்பநிலை? எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த ஏற்றத்தில் அளந்தது? ஏற்கெனவே சூடான கழிமுகத்தில் அளந்த எண்ணை அடிப்படையாக வைத்தால், அந்த 7 அதன்மேல் ஏறி உட்காரும். எல்லை நிபந்தனையைத் தேர்வது இங்கே வெறும் கணிதம் இல்லை. கணக்கைக் கேட்டு வாங்குகிற அதிகாரிகளும் ஊர் மக்களும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வண்ணப் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீண்டும் தொட்டிக்கு வருவோம். இவ்வகைத் தொட்டிகளில் நாளொன்றுக்குக் கொள்ளளவில் 0.05 விழுக்காடு ஆவியாகலாம் என்பது வழக்கமான வடிவமைப்பு வரம்பு. 1,80,000 கனமீட்டருக்கு அது 90 கனமீட்டர், சுமார் 40 டன். ஒரு கிலோ ஆவியாக ஏறத்தாழ 510 கிலோஜூல் வேண்டும். பெருக்கி, ஒரு நாளின் நொடிகளால் வகுத்தால் 240 கிலோவாட் வரும். தொட்டியின் குறுக்களவு 80 மீட்டர், உயரம் 36 மீட்டர் என்று கொண்டால், எல்லாப் பரப்புகளிலும் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 12, 13 வாட். வெளியே விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு.

இந்தச் சிறு எண்ணைக் கொண்டு சுவருக்கு எந்த வகை நிபந்தனை பொருந்தும் என்று முடிவெடுக்கலாம். அந்த 12 வாட்டை வாங்கிக்கொள்ள, உட்சுவர் திரவத்தைவிட எவ்வளவு சூடாக இருந்தால் போதும்? வழக்கமான சூத்திரங்களின்படி பத்தில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். அவ்வளவுதான். யாராவது வசதிக்காகச் சுவர் 1 டிகிரி கூடுதல் என்று எழுதிவிட்டால், வெப்பம் பத்து மடங்குக்கும் மேல் பாயும். கணினித் தொட்டி கொதித்துப் பொங்கும். பத்தில் ஒரு டிகிரியை அளந்து எழுதுவதும் எளிதில்லை. ஆகவே இங்கே வெப்பப் பாய்வை எழுதுவதே சரி. அதைக் காப்பின் கனத்திலிருந்தும் கடத்துதிறனிலிருந்தும் நம்பிக்கையாகக் கணக்கிட முடியும்.

ஷீட் கூரைக்குத் தேவைப்பட்ட மணிக்கணக்கான வெயில் விவரம் தொட்டிக்கு வேண்டியதில்லை. ஒரு மீட்டர் பெர்லைட்டை ஊடுருவ வெப்பத்துக்குப் பத்து நாளுக்கும் மேல் ஆகும். காலையில் கடல்பக்கச் சுவரைச் சுடும் வெயிலும் மாலையில் மேற்குச் சுவரைச் சுடும் வெயிலும் வழியிலேயே ஒன்றாகக் கலந்து சராசரியாகிவிடும். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு ஓரங்கள்: ஒன்றுக்கு நிமிடக் கணக்கு, மற்றதற்கு வாரக் கணக்கு.

ஆனால் தொட்டியின் மேற்பரப்பு வேறு மாதிரி. அது நேரத்தைக் கூர்மையாகக் கவனிக்கும். ஆவியாகிக்கொண்டே இருக்கும் பரப்பின் வெப்பநிலை, அதன்மேல் உள்ள வாயுவின் அழுத்தத்தால் தீர்மானமாகிறது. தொட்டியின் அழுத்தத்தை வெளிக்காற்றைவிட இவ்வளவு கூடுதல் என்று வைத்து இயக்கினால், வெளிக்காற்றின் அழுத்தம் இறங்கும்போது உள்ளேயும் இறங்கும். 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கொதிநிலை சுமார் 0.12 டிகிரி குறையும். சாதாரண நாளில் அது பொருட்டே இல்லை. புயல் நெருங்கும் நாளில் நிலைமை வேறு. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் போல ஒரு புயல் கரையை உரசிப் போகும்போது அழுத்தம் மளமளவென்று இறங்கும். முழு ஓட்டத்தையும் நடத்தும் வெப்பநிலை வித்தியாசமே பத்தில் ஒரு டிகிரிதான் என்பதை நினைத்தால், அந்த இறக்கம் எவ்வளவு பெரிதென்று விளங்கும். தொட்டித் திரவம் முழுவதும் ஒரே நேரத்தில் மேற்பரப்பின் கொதிநிலையைவிடச் சூடானதாகிவிடும், ஆவி கூடும். ஆகவே மேற்பரப்புக்கு மாறாத ஓர் எண்ணைத் தராமல், வானிலை நிலையத்தின் அழுத்தமானி காட்டும் அளவுகளைத் தர வேண்டும்.

இந்த மேற்பரப்பு மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இத்தாலியின் லா ஸ்பெட்ஸியா முனையம் 1971 ஆகஸ்டில் கண்டது. எஸ்ஸோ பிரேகா என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கு, தொட்டியில் ஏற்கெனவே இருந்ததைவிடக் கனமாகவும் சூடாகவும் இருந்தது. அதை அடிவழியாக இறக்கினார்கள். கனமானது கீழே, லேசானது மேலே என்று இரண்டு அடுக்குகள் நின்றன. கீழ் அடுக்கு அடித்தளத்திலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் சூட்டை வாங்கிக்கொண்டே இருந்தது. ஆவியாகி அதை விடுவிக்க வழியில்லை, தலைக்குமேல் இன்னோர் அடுக்கு. சூடேறச் சூடேற அதன் அடர்த்தி குறைந்தது. மேல் அடுக்கோ ஆவியாகி ஆவியாகிக் கனத்தது. இரண்டும் ஒரே அடர்த்தியை எட்டிய கணத்தில் அடுக்குகள் புரண்டு கலந்தன. சரக்கு இறக்கி 18 மணி நேரம் கழித்து அழுத்தம் திடீரென ஏறியது. பாதுகாப்பு வால்வுகள் திறந்து சுமார் 2,000 டன் ஆவி வெளியேறியது. தீப்பிடிக்கவில்லை. ஆனால் அதன்பின் முனையங்கள் அடுக்குகளைக் கவனமாகக் கண்காணிக்கத் தொடங்கின.

இப்படிப்பட்ட புரளலை எண்ணூர்த் தொட்டிக்குக் கணினியில் கணக்கிடுகிறவர்களுக்கு, மொத்தம் 240 கிலோவாட் என்ற எண் மட்டும் போதாது. அது எந்த ஓரம் வழியாக எவ்வளவு வருகிறது என்பது வேண்டும். அடித்தளத்து வெப்பம் முழுக்கக் கீழ் அடுக்குக்குப் போகும். சுவரின் வெப்பம் உயரத்தைப் பொறுத்து இரண்டுக்கும் பிரியும். கூரைவழி வருவது மேல் வாயுவையும் மேல் அடுக்கையும் மட்டும் தொடும். மொத்தத்தைச் சரியாக வைத்துக்கொண்டு பங்கீட்டை மட்டும் மாற்றினாலே, புரளும் நேரம் மணிக்கணக்கில், சிலவேளை நாள்கணக்கில் தள்ளிப்போகும். தொட்டியில் மேலும் கீழும் இறங்கி ஏறி, ஒவ்வொரு உயரத்திலும் வெப்பநிலையையும் அடர்த்தியையும் அளக்கும் கருவி இன்று இத்தகைய முனையங்களில் வழக்கம். அந்த அளவீட்டோடு ஒப்பிட்டுத்தான் பங்கீட்டைத் திருத்துகிறார்கள்.

சரக்கு இறங்கும் குழாய்வாயும் கணக்கில் ஓர் எல்லை. கனமான சரக்கை மேல்வழியாகவும் லேசான சரக்கை அடிவழியாகவும் இறக்கினால் அடுக்கு கட்டாமல் தானாகக் கலக்கும் என்பது நடைமுறை. அந்த வாய்க்கு வேகம், வெப்பநிலை, கலவை மூன்றையும் எழுத வேண்டும். ஏற்றிய துறைமுகத்துச் சான்றிதழில் உள்ள எண்கள் அதற்குப் போதாது. கப்பல் கடலில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் லேசான கூறுகள் முதலில் ஆவியாகி, மிஞ்சும் சரக்கு கனத்துக்கொண்டே வரும். எஸ்ஸோ பிரேகா சரக்கை இறக்குவதற்கு முன் துறைமுகத்திலேயே ஏறக்குறைய ஒரு மாதம் காத்துக் கிடந்தது. ஆகவே கப்பல் வந்து கட்டியபின், அதன் தொட்டிகளில் அன்று அளந்த வெப்பநிலையும் அடர்த்தியும்தான் எண்ணூர்த் தொட்டியின் கணக்கில் ஏற வேண்டிய எண்கள்.